இரவில் வீட்டுக் கேமரா ஏன் முகத்தைத் தவறவிடுகிறது?

வீட்டுக்கு வெளியே கேமரா மாட்டிய பலர் சொல்லும் குறை ஒன்றுதான். பகலில் வாசலில் கிடக்கும் செருப்பின் வார் வரை தெரிகிறது. இரவில் யாரோ வந்து போனார்கள் என்பது மட்டும் தெரிகிறது. வந்தது யார் என்று தெரிவதில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, இல்லையென்றால் இழுபட்ட சாம்பல் கறை. ஏதாவது நடந்த பிறகு பதிவைப் போட்டுப் பார்க்கும்போதுதான் இது தெரியவருகிறது என்பது பெரிய வேதனை.

இதற்குத் தீர்வாகப் பலர் நினைப்பது இன்னும் அதிக மெகாபிக்சல் உள்ள கேமராவை. அது பல நேரங்களில் நிலைமையை மோசமாக்கவே செய்யும். இரவுப் படத்தை முதலில் தீர்மானிப்பது ஆளின் மேல் விழும் வெளிச்சம். அடுத்தது கேமரா இருக்கும் இடமும் பார்க்கும் கோணமும். பிறகு செட்டிங்ஸ். புதுக் கேமரா கடைசியில்தான் வருகிறது. ஏன் இந்த வரிசை என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இருட்டு என்றால் எவ்வளவு இருட்டு

ஒரு பரப்பின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். உச்சி வெயிலில் அது சுமார் 1,00,000 லக்ஸ். விளக்கெரியும் அறையில் 100 முதல் 300 வரை இருக்கும். தெருவிளக்கின் கீழே 5 முதல் 20. முழுநிலவு நாளில் 0.1 முதல் 0.3. நிலவில்லாமல் நட்சத்திரம் மட்டும் தெரியும் இரவில் 0.001 வரை இறங்கிவிடும். அதே கேமரா, அதே வாசல். நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் இடையில் வெளிச்சம் பத்துக் கோடி மடங்கு வரை குறையக்கூடும்.

இந்தப் பள்ளத்தை நிரப்ப கேமராவிடம் இருக்கும் வழிகள் நான்கு.

1. அப்பர்ச்சர்: லென்ஸில் ஒளி நுழையும் துளை. இதை எஃப் எண்ணால் குறிப்பார்கள். எண் சிறியதாக இருந்தால் துளை பெரியது. எஃப் 2.0 லென்ஸைவிட எஃப் 1.0 லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும், எஃப் 1.6 லென்ஸைவிட சுமார் இரண்டரை மடங்கு. வீட்டுக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் இந்தத் துளையை மாற்ற முடியாது. வாங்கும்போதே முடிவாகிவிடும் விஷயம் இது.

2. ஷட்டர் நேரம்: ஒவ்வொரு படத்துக்கும் சென்சார், அதாவது லென்ஸுக்குப் பின்னால் ஒளியை உணரும் சில்லு, எவ்வளவு நேரம் ஒளியைச் சேர்க்கிறது என்பது. நேரம் கூடினால் படம் வெளிச்சமாகும், ஆனால் அசையும் பொருள் இழுபடும்.

3. சென்சாரின் பரப்பும் பிக்சலின் அளவும்: பெரிய பிக்சல் அதிக ஒளியைச் சேர்க்கும்.

4. கெயின்: சேர்ந்த சிக்னலை மின்னணு முறையில் பெருக்குவது. இது புதிதாக ஒளி எதையும் கொண்டுவருவதில்லை. இருக்கும் சிக்னலோடு அதிலுள்ள இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. இருட்டுப் படத்தில் எறும்பு ஊர்வதுபோல் துடிக்கும் புள்ளிகள் இப்படி வருபவைதான்.

இந்த நான்கில், வாங்கிய பிறகு நம் கையில் மிஞ்சுவது இரண்டாவதும் நான்காவதும். அந்த இரண்டையும் 'ஆட்டோ'வில் விட்டால் கேமரா செய்வது என்ன என்பதில்தான் இரவுப் படத்தின் முக்கால்வாசிப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது.

வெளிச்சமான படம் நல்ல படம் அல்ல

ஆட்டோ முறையில் கேமராவுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வேலை, திரையில் படம் போதிய வெளிச்சத்துடன் தெரிய வேண்டும் என்பது மட்டுமே. இருட்டத் தொடங்கியதும் அது ஷட்டர் நேரத்தை நீட்டுகிறது. 1/25 வினாடி ஆகும். மெது ஷட்டர் வசதி இருந்தால் 1/12, 1/6, 1/3 வினாடி வரைகூடப் போகும். வெறும் வாசலைப் பார்க்கும்போது படம் பளிச்சென்று இருக்கும். சுவர், செடி, படிக்கட்டு எல்லாம் தெளிவு. கேமரா நன்றாக வேலை செய்கிறது என்று நம்பிவிடுவோம். அந்தப் படத்துக்குள் ஒரு ஆள் நடந்து வரும்போதுதான் உண்மை தெரியும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரணமாக நடப்பவர் வினாடிக்குச் சுமார் 1.4 மீட்டர் நகர்கிறார். ஷட்டர் 1/25 வினாடி திறந்திருந்தால் அந்த நேரத்துக்குள் அவர் 5.6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். முகத்தின் அகலமே 15 சென்டிமீட்டர் அளவுதான். அதாவது முகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் படம் இழுபடுகிறது. 1/6 வினாடி என்றால் 23 சென்டிமீட்டர். முகம் என்ற ஒன்றே படத்தில் இருக்காது. 1/100 வினாடிக்குக் குறைத்தால் நகர்வு 1.4 சென்டிமீட்டர்தான், முகம் முகமாகத் தெரியத் தொடங்கும். வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கோ 1/25 வினாடியிலேயே 16 சென்டிமீட்டர் இழுபட்டுவிடும்.

இந்த இழுபடலை மென்பொருளால் பின்னால் சரிசெய்து முகத்தை நம்பகமாக மீட்டெடுக்க முடியாது. அதே நேரத்தில் 1/25-லிருந்து 1/100-க்குப் போனால் சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி கால்வாசியாகிவிடும். அந்த இழப்பை ஈடுகட்ட ஆளின் மேல் நான்கு மடங்கு வெளிச்சம் விழ வேண்டும். வெளிச்சத்தை முதலில் வைத்தது இதனால்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். வினாடிக்கு எத்தனை படம் என்பதும் ஷட்டர் நேரமும் வேறு வேறு. வினாடிக்கு 15 படம் மட்டும் எடுக்கும் கேமரா ஒவ்வொரு படத்தையும் 1/100 வினாடியில் எடுக்கலாம். வினாடிக்கு 25 படம் எடுக்கும் கேமராவில் ஒவ்வொன்றும் 1/25 வினாடி திறந்திருந்து மங்கலாகவும் வரலாம். ஆளை அடையாளம் காண முதலாவதுதான் பயன்படும்.

மெகாபிக்சல் கூடினால் என்ன ஆகிறது

வீட்டுக் கேமராக்களில் பரவலாக இருப்பது 1/2.8 அங்குல வகைச் சென்சார். அதில் 2 மெகாபிக்சல் இருந்தால் ஒரு பிக்சலின் பக்கம் சுமார் 2.9 மைக்ரோமீட்டர். அதே அளவு சென்சாரில் 8 மெகாபிக்சலைத் திணித்தால் பக்கம் 1.45 மைக்ரோமீட்டராகச் சுருங்குகிறது. பரப்பு கால்வாசி, ஒரு பிக்சலுக்குக் கிடைக்கும் ஒளியும் கால்வாசி.

பகலில் இதனால் நஷ்டமில்லை. இரவில் ஒவ்வொரு பிக்சலிலும் இரைச்சல் கூடுகிறது. அதை மறைக்க கேமரா இரைச்சல் நீக்கத்தைக் கூட்டுகிறது. அது புள்ளிகளோடு கண், மூக்கு, வாய் போன்ற நுண்ணிய விவரங்களையும் மெழுகிவிடுகிறது. 8 மெகாபிக்சல் என்று பெயர் இருந்தும் முகம் களிமண் உருண்டைபோல் வருவது இப்படித்தான். அதிக மெகாபிக்சல் வேண்டுமென்றால் சென்சாரும் பெரிதாக வேண்டும். 4 மெகாபிக்சலுடன் 1/1.8 அங்குல சென்சார் கொண்ட கேமரா, 8 மெகாபிக்சலுடன் 1/2.8 அங்குல சென்சார் கொண்டதைவிட இரவில் பெரும்பாலும் மேலான படம் தரும். பின்னத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: கீழே இருக்கும் எண் சிறியதாக இருந்தால் சென்சார் பெரியது.

அகச்சிவப்பு ஒளி: கண்ணுக்குத் தெரியாத விளக்கு

நம் கண் சுமார் 700 நானோமீட்டர் அலைநீளம் வரைதான் பார்க்கும். சிலிக்கான் சென்சார் 1100 நானோமீட்டர் வரை உணரும். இந்த இடைவெளியைத்தான் இரவுக் கேமராக்கள் பயன்படுத்திக்கொள்கின்றன. பகலில் அகச்சிவப்பு உள்ளே வந்தால் நிறங்கள் கெட்டுவிடும் என்பதால் சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்பு வடிகட்டி இருக்கும். இருட்டியதும் அது விலகும், படம் கறுப்பு வெள்ளைக்கு மாறும், கேமராவைச் சுற்றியுள்ள ஐஆர் (அகச்சிவப்பு) எல்இடிகள் எரியும். மாலையில் கேமராவிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் அந்த வடிகட்டி நகர்கிறது என்று பொருள்.

ஐஆர் விளக்குகள் இரண்டு வகை. 850 நானோமீட்டர் வகையில் எல்இடி மங்கிய சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியும். 940 நானோமீட்டர் வகை தெரியாது. ஆனால் அந்த அலைநீளத்தில் சென்சாரின் உணர்திறன் குறைவு, அதனால் எட்டும் தூரமும் குறைந்துவிடும். கேமரா இருப்பதை மறைத்தே ஆக வேண்டும் என்ற தேவை இல்லாவிட்டால் 850 போதும்.

ஐஆரில் ஏற்படும் தொல்லைகள் பெரும்பாலும் ஒரே காரணத்தில் வந்து நிற்கும். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. கேமராவிலிருந்து அரை மீட்டரில் இருக்கும் சுவரின் மேல், 8 மீட்டரில் நிற்கும் ஆளின் மேல் விழுவதைப்போல் 256 மடங்கு ஐஆர் விழுகிறது. அந்தச் சுவர் படத்தின் ஒரு மூலையில் இருந்தாலே போதும். படம் அளவுக்கு மீறி வெளுக்கிறது என்று கேமரா முடிவுகட்டி வெளிச்சத்தை அடக்கும். தூரத்தில் இருப்பவர் இருட்டில் மறைந்துவிடுவார். இப்படிக் கெடுப்பவை வரிசையாகச் சில உண்டு.

1. பக்கத்துச் சுவர், கூரை விளிம்பு, தூண், குழாய். கேமராவைச் சற்றுத் திருப்பியோ முன்னால் நகர்த்தியோ இவற்றைப் படத்திலிருந்து விலக்க வேண்டும். சில சமயம் இது ஒன்றே போதும், மறுநாள் இரவே வேறு கேமரா மாட்டியதுபோல் இருக்கும்.

2. செடி, மரக்கிளை. இலைகள் அகச்சிவப்பைப் பலமாகத் திருப்பி அனுப்பும். பகலில் கரும்பச்சையாக இருக்கும் கிளை இரவில் வெள்ளையாக எரியும். காற்றில் ஆடினால் பொய்யான எச்சரிக்கைகளும் வந்துகொண்டே இருக்கும்.

3. சிலந்தி வலை. லென்ஸுக்கு ஒரு கை நீளத்துக்குள் இருக்கும் ஒற்றை இழைகூடத் திரையில் வெள்ளைக் கயிறாகத் தெரியும்.

4. மழை, மூடுபனி, தூசி. மூடுபனியில் வண்டியின் ஹைபீம் போட்டால் எதிரில் வெள்ளைத் திரை விழுவதைப்போலத்தான். லென்ஸுக்குப் பக்கத்திலேயே விளக்கும் இருப்பதால் துளிகளிலிருந்து ஒளி நேராக லென்ஸுக்குத் திரும்புகிறது.

5. டோம் வகைக் கேமராவின் அரைக்கோளக் கண்ணாடி மூடி. லென்ஸைச் சுற்றியுள்ள ரப்பர் அல்லது ஸ்பான்ஜ் வளையம் மூடியோடு ஒட்டி இருக்காவிட்டால் ஐஆர் உள்ளுக்குள்ளேயே சிதறிப் படம் முழுவதும் பால்போல் வெளுத்துவிடும். மூடியில் கைரேகையோ கீறலோ இருந்தாலும் இதே கதைதான். வெளிப்புறத்துக்கு அப்படி மூடி இல்லாத டரட் (உருண்டை வடிவம்) அல்லது புல்லட் (குழல் வடிவம்) வகை நல்லது என்று சொல்வதற்கு இது முக்கியக் காரணம்.

6. ஜன்னல் கண்ணாடி. உள்ளே கேமராவை வைத்துக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தால் அதன் சொந்த ஐஆரே கண்ணாடியில் பட்டுத் திரும்பும். அப்படி வைத்தே ஆகவேண்டும் என்றால் உள் ஐஆரை அணைத்துவிட்டு வெளியே தனி விளக்கு போட வேண்டும்.

மேலே சொன்ன நான்குக்கும் ஆறுக்கும் உதவும் வழி தனி ஐஆர் விளக்கு. அதைக் கேமராவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி மாட்டி, கேமராவின் உள் ஐஆரை அணைத்துவிடலாம். துளிகளில் பட்டுச் சிதறும் ஒளி நேராக லென்ஸுக்கு வராது, லென்ஸுக்கு முன்னால் பறக்கும் பூச்சிகளும் முன்போல வெள்ளையாகத் தெரியாது. விளக்கின் ஒளிக் கோணம் லென்ஸின் கோணத்தோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். 100 டிகிரி பார்க்கும் லென்ஸுக்கு 30 டிகிரி விளக்கு மாட்டினால் நடுவில் ஒரு வெள்ளை வட்டமும் சுற்றிலும் இருட்டும்தான் கிடைக்கும்.

ஐஆர் படத்தைப் பார்த்துச் சாட்சி சொல்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. அதில் தெரியும் கறுப்பு வெள்ளை, துணியின் உண்மை நிறத்தைக் காட்டுவதில்லை. சாயத்தையும் துணி வகையையும் பொறுத்து கறுப்புச் சட்டை வெளிர் சாம்பலாகவோ வெள்ளையாகவோ தெரியலாம். 'வெள்ளைச் சட்டைக்காரர்' என்று பதிவை வைத்துச் சொன்னால் வேறு ஒருவர் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்

நிறம் வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளி வேண்டும். வண்டி சிவப்பா நீலமா, துப்பட்டா என்ன நிறம் என்பதெல்லாம் ஐஆரில் கிடைக்காது. என் தெளிவான கருத்து: வாசலில் இரவு முழுவதும் ஒரு சிறிய விளக்கை எரியவிட முடியும் என்றால், ஐஆரை நம்புவதைவிட அதுவே மேல். விலை உயர்ந்த கேமராவால் முடியாததைக்கூடச் சரியான இடத்தில் வைத்த ஒரு எல்இடி பல்பு செய்துவிடும்.

சரியான இடம் என்பதுதான் இதில் முக்கியம். ஆளுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் வெறும் நிழலுரு மட்டும் பதிவாகும். தலைக்கு நேர் மேலே இருந்தால் கண்குழியிலும் தொப்பியின் கீழும் நிழல் விழும். கேமரா இருக்கும் பக்கத்திலிருந்து, சற்றுப் பக்கவாட்டாக, முகத்தை நோக்கி வரும் ஒளிதான் அடையாளம் காட்டும். விளக்கு படத்துக்குள் தெரியக் கூடாது. தரையும் எதிர்ச்சுவரும் வெளிர் நிறமாக இருந்தால் அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியும் முகத்துக்கு உதவும்.

ஆள் வந்தால் எரியும் விளக்கு நல்லதா, எப்போதும் எரிவது நல்லதா? திடீரென விளக்கு எரிந்தால் வந்தவர் மிரண்டு ஓடக்கூடும். தடுப்பு என்ற வகையில் அது பயனுள்ளது. ஆனால் பதிவு என்ற வகையில் ஒரு சிக்கல். இருட்டுக்குப் பழகியிருந்த கேமரா புது வெளிச்சத்துக்கு மாற நேரம் எடுக்கும். படம் முதலில் வெளுத்துப்போகும், பிறகு வடிகட்டி நகரும், அப்புறம்தான் நிறம் வரும். முகம் தெரிய வேண்டிய முக்கியமான தருணம் அதற்குள் போய்விடலாம். மங்கலான நிலையான விளக்கு ஒன்றும், ஆள் வந்தால் கூடுதலாக எரியும் விளக்கு ஒன்றும் சேர்ந்து இருந்தால் இந்த மாற்றம் குறையும். வெளிர் மஞ்சள் நிற விளக்கு, அதாவது 2700 முதல் 3000 கெல்வின் வகை, நீலம் கலந்த வெள்ளையைவிடக் குறைவாகவே பூச்சிகளை ஈர்க்கும். ஒளி பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகாமல் கீழ்நோக்கி மறைப்பு வைப்பது அவசியம்; கேமராவின் பார்வையும் நம் எல்லைக்குள் நிற்பதே முறை.

எங்கே மாட்டுவது, எந்த லென்ஸ்

ஒரு கேமரா எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற ஆசை இரவில் நம்மைக் கைவிட்டுவிடும். 2014-ல் வெளியான ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலை இதற்கு ஒரு நல்ல அளவுகோலைத் தந்தது. ஆள் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் கிடைக்கிறது என்பதுதான் அந்த அளவு. யாரோ இருக்கிறார் என்று கண்டறிய 25 பிக்சல், நடவடிக்கைகளைக் கவனிக்க 62.5, முன்பே தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125, முன்பின் தெரியாதவரைச் சந்தேகத்துக்கு இடமின்றி அடையாளம் காண 250.

இதை வைத்து 2 மெகாபிக்சல் கேமராவுக்குக் கணக்கிட்டால், 250 பிக்சல் கிடைக்கும் தூரம் தோராயமாக இப்படி வரும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.

1. 2.8 மி.மீ. லென்ஸ்: சுமார் 3 மீட்டர்.
2. 4 மி.மீ. லென்ஸ்: சுமார் 4 மீட்டர்.
3. 6 மி.மீ. லென்ஸ்: 7 முதல் 8 மீட்டர்.
4. 12 மி.மீ. லென்ஸ்: 15 மீட்டர் அளவு.

பெட்டியில் 'ஐஆர் தூரம் 30 மீட்டர்' என்று போட்டிருப்பதைப் பார்த்து 30 மீட்டரில் முகம் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. 2.8 மி.மீ. லென்ஸுடன் அந்தத் தூரத்தில் மீட்டருக்கு 25 பிக்சல்தான் கிடைக்கும். ஏதோ அசைகிறது என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் இடத்தை முழுவதும் பார்க்க ஒரு அகலக் கோணக் கேமராவும், எல்லோரும் கடந்தே ஆக வேண்டிய கதவையோ கேட்டையோ குறுகிய கோணத்தில் பார்க்க இன்னொன்றும் என்று பிரித்துக்கொள்வது சிறந்தது. இரண்டு வேலையையும் ஒரே கேமராவிடம் கொடுத்தால் முகத்தை அடையாளம் காட்டும் வேலைதான் தோற்கும்.

உயரம் 2.5 முதல் 3 மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேலே போனால் தலையின் உச்சி மட்டும் தெரியும். கை எட்டும் உயரத்தில் இருந்தால் திருப்பிவிடுவார்கள். ஆள் கேமராவை நோக்கி நடந்து வரும்படி வைத்தால் குறுக்கே நடப்பதைவிட இழுபடல் வெகுவாகக் குறையும், முகமும் அதிக நேரம் தெரியும்.

மாற்றிப் பார்க்க வேண்டிய செட்டிங்ஸ்

பல கேமராக்களில் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனிச் செட்டிங்ஸ் வைக்கலாம். அந்த வசதி இருந்தால் கீழே உள்ளவற்றை இரவுக்கு மட்டும் மாற்றுங்கள்.

1. ஷட்டர்: ஆட்டோவை விட்டு 1/50-ல் தொடங்குங்கள். வெளிச்சம் போதுமானால் 1/100. மெது ஷட்டர் என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் விளக்கு மினுக்கம் வராமலிருக்க 1/60, 1/120.

2. கெயின்: முழு அளவுக்கு விடாமல் பாதி அளவில் வரம்பு வையுங்கள். படம் சற்று இருண்டு தெரியும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இருண்ட படத்தில் விவரம் இருக்கும். வெளுத்துப் புள்ளியடித்த படத்தில் இருக்காது.

3. இரைச்சல் நீக்கம்: இது இரு வகை. ஒரே படத்துக்குள் பக்கத்துப் பிக்சல்களைச் சராசரியாக்குவது ஒன்று. அடுத்தடுத்த படங்களைச் சேர்த்துச் சராசரியாக்குவது மற்றொன்று. முதலாவது முகத்தை மெழுகும். இரண்டாவது, நடப்பவருக்குப் பின்னால் ஆவிபோல் ஒரு வால் இழுக்கும். இரண்டையும் நடு அளவுக்குக் கீழே வைக்கலாம்.

4. டபிள்யூடிஆர்: பகலில் வெயிலையும் நிழலையும் ஒன்றாகக் காட்ட உதவும் வசதி. வேறுவேறு ஷட்டர் நேரத்தில் எடுத்த படங்களைச் சேர்ப்பதால் இரவில் இரைச்சலும் இரட்டை உருவமும் கூடும். இரவில் அணைப்பது நல்லது. வண்டி விளக்கு நேராக அடிக்கும் இடமாக இருந்தால் அதற்குப் பதிலாக, பலமான வெளிச்சத்தை மட்டும் அடக்கிக் காட்டும் எச்எல்சி என்ற வசதியைப் போட்டுப் பாருங்கள்.

5. ஸ்மார்ட் ஐஆர்: ஆள் அருகில் வந்ததும் ஐஆர் விளக்கைத் தானாகக் குறைக்கும். முகம் வெள்ளைத் திட்டாவதற்கு நேரடி மருந்து இதுதான்.

6. பிட்ரேட்: வினாடிக்கு எவ்வளவு தரவு பதிவாகிறது என்பது. இரைச்சல் நிறைந்த படத்தைச் சுருக்குவது கடினம். பகலுக்குப் போதுமான பிட்ரேட் இரவில் போதாமல் படம் கட்டங்கட்டமாக உடையும். உச்ச வரம்பைக் கூட்டுங்கள். சேமிப்பிடம் குறைவு என்றால் வினாடிக்கு 25 படத்தை 15 ஆக்கிவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் அதிக இடம் கொடுப்பது மேல்.

லென்ஸை நகர்த்தி ஃபோகஸ் செய்யும் வகைக் கேமராவாக இருந்தால், ஃபோகஸை ஐஆர் எரியும் இரவில் சரிபாருங்கள். அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி குவியும் அதே புள்ளியில் குவிவதில்லை. பகலில் கூர்மையாக வைத்த ஃபோகஸ் இரவில் மங்கலாவது இதனால்தான். ஐஆர் திருத்தம் செய்த லென்ஸ்களில் இந்தத் தொல்லை குறைவு.

மின்சாரமும் துடைக்கும் துணியும்

இருட்டியதும் சில கேமராக்கள் தாமாக அணைந்து மறுபடி எழும். பழுது என்று நினைத்து மாற்றிவிடுவார்கள். பெரும்பாலும் காரணம் வயர். ஐஆர் எரியும்போது கேமரா அதிக மின்சாரம் இழுக்கிறது. நீளமான மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. பகலில் இந்தச் சுமை இல்லாததால் எல்லாம் சரியாகவே இருக்கும். தடித்த வயர், அருகில் வைத்த அடாப்டர், அல்லது நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் பிஓஇ முறை இதைத் தீர்க்கும்.

லென்ஸ் மூடியை மென்மையான துணியால் மாதம் ஒருமுறையாவது துடையுங்கள். பகலில் கண்ணுக்கே தெரியாத தூசிப் படலம் இரவில் ஐஆர் பட்டுப் புகைமூட்டமாகும்.

எச்சரிக்கை வராமல் போவது

பேட்டரியில் ஓடும் கேமராக்கள் பொதுவாக பிஐஆர் என்ற வெப்ப உணரியை நம்பியே விழிக்கின்றன. அதற்கு வெளிச்சம் தேவையில்லை; சுற்றுப்புறத்தைவிட மாறுபட்ட உடல் வெப்பம் நகர்வதை அது உணர்கிறது. குறுக்கே நடப்பவரை எளிதில் பிடிக்கும், நேராக அதை நோக்கி வருபவரைத் தாமதமாகவே பிடிக்கும். முகத்துக்கு நல்லது என்று மேலே சொன்ன கோணம் இந்த உணரிக்குப் பாதகம். பேட்டரி கேமராவைச் சற்றே சாய்வாக, ஆள் பாதையைக் கோணலாகக் கடக்கும்படி வைப்பது இரண்டுக்கும் நடுவழி. வெக்கையான இரவில் உடலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வெப்ப வித்தியாசம் குறைவதால் உணரி மந்தமாவதும் உண்டு. முக்கியமான இடத்துக்குத் தொடர்ந்து பதிவு செய்யும், வயரில் ஓடும் கேமராதான் நம்பகமானது.

புதுக் கேமராதான் என்று முடிவானால்

எஃப் எண்ணையும் சென்சார் அளவையும் முதலில் பாருங்கள். எஃப் 1.0 லென்ஸ், 1/1.8 அங்குல சென்சார் என்ற சேர்க்கை சிறிதளவு தெருவெளிச்சத்திலேயே நிறப்படம் தரும். 'குறைந்தபட்ச வெளிச்சம் 0.001 லக்ஸ்' போன்ற எண்களை வைத்து இரு நிறுவனங்களை ஒப்பிட வேண்டாம். எந்த ஷட்டர் நேரத்தில், எவ்வளவு கெயினில் அளந்தார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 1/3 வினாடி ஷட்டரில் எடுத்த எண் நடந்து வரும் ஆளுக்குப் பயன்படாது. கையால் ஷட்டர் நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடியாது என்றால் அந்தக் கேமராவை இரவுக்கு வாங்காதீர்கள்.

வண்டி நம்பர் பலகை தனிப் பிரச்சினை. ஒளியைத் திருப்பி அனுப்பும் பலகை ஐஆரில் வெள்ளையாக எரியும், முகப்பு விளக்கு மீதியைக் கெடுக்கும். 1/500 அல்லது 1/1000 வினாடி ஷட்டர், குறுகிய கோணம், தனி ஐஆர் விளக்கு வைத்த தனிக் கேமராதான் அதற்கு வழி. அந்தக் கேமராவில் பலகையைத் தவிர மற்றதெல்லாம் இருட்டாகத்தான் இருக்கும்.

சோதிக்கும் முறை

நேரலையைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். பதிவானதைப் பார்க்க வேண்டும். நேரலையை விடப் பதிவில் சுருக்கம் அதிகமாக இருக்கலாம்.

1. நிலவில்லாத இரவில், வழக்கமாக எரியும் விளக்குகள் மட்டும் எரியட்டும்.
2. வீட்டில் ஒருவரைக் கேட்டிலிருந்து கதவு வரை சாதாரணமாக நடக்கச் சொல்லுங்கள். பிறகு வேகமாக. பிறகு தொப்பி போட்டுக்கொண்டு.
3. பதிவைத் திறந்து, நடந்துகொண்டிருக்கும் நொடியில் நிறுத்துங்கள்.
4. அந்த ஒற்றைப் படத்தை, நடந்தவர் யார் என்று முன்கூட்டித் தெரியாத, ஆனால் அவரை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவர் பெயரைச் சொல்லிவிட்டால் சரி. தயங்கினால் முதலில் விளக்கை மாற்றுங்கள், பிறகு கோணத்தை, பிறகு ஷட்டரை. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி நடக்கச் சொல்லுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. மழை பெய்யும் இரவு வந்தால் இதே சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.